இரண்டு பேட்ச்சுக்கு நடுவே பெங்களூரு

பட்டுப்புழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. தீபாவளியானாலும் பொங்கலானாலும் காலையிலும் மாலையிலும் இலை போட்டாக வேண்டும். மாடு வைத்திருப்பவர்களுக்கும் கோழிப் பண்ணைக்காரர்களுக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சாக்கி சென்டரில், அதாவது இளம்புழு வளர்ப்பு மையத்தில், நான் 6 வருஷமாக வேலை செய்கிறேன். என்னோடு இருக்கும் அக்காவுக்கு இது 14-வது வருஷம். நிரந்தர ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். என் வீட்டில் விசேஷம் என்றால் அக்கா பார்த்துக்கொள்வார். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் நான் இரண்டு ஆள் வேலை பார்ப்பேன். இப்படி மாற்றி மாற்றி ஒருவருக்கொருவர் கைகொடுத்ததில், ஒரே அறையில் தினம் பத்து மணி நேரம் இருக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு நாள்கூட வெளியே போனதில்லை. யாராவது ஒருவர் புழுவோடு இருந்தாக வேண்டுமே!

பட்டு வளர்ப்பு பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. முட்டையிலிருந்து வெளிவரும் புழு எறும்பைவிடச் சின்னது. அந்த முதல் இரண்டு பருவம்தான் ஆபத்தான காலம். 27, 28 டிகிரி வெப்பமும் 85 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதமும் இருக்க வேண்டும். இலையைப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். இரண்டாவது தோலுரிப்பு முடிந்து, ஏறத்தாழ 8-ம் நாள் புழுக்களை விவசாயிகளிடம் ஒப்படைப்போம். மீதிக் காலத்தை அவர்கள் தங்கள் மனையில் வளர்த்துக் கூடு எடுப்பார்கள். எங்கள் கையைவிட்டுப் போகும்போது புழு ஒரு நெல்மணி அளவு வளர்ந்திருக்கும். அதன் பிறகு அது என்ன ஆனது என்பதை நாங்கள் போனில்தான் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

ஒரு பேட்ச் போனதும் தட்டு, தாங்கி எல்லாவற்றையும் கழுவி வெயிலில் காயவைத்து, பிளீச்சிங் பவுடரும் நீர்த்த சுண்ணாம்பும் கலந்த கரைசலால் அறை முழுவதும் தெளித்து மூடிவிடுவோம். அந்த இடைவெளியில் மல்பெரித் தோட்டத்தில் கவாத்து, களை என்று வேலை வந்துவிடும். கடந்த நவம்பரில் மழையால் விவசாயிகள் பலருக்குத் தோட்டம் தயாராகவில்லை. அடுத்த பேட்ச் தள்ளிப்போனது. 6 நாள் கிடைத்தது. வயலிலும் சேறு, கால் வைக்க முடியாது.

“ராட்டினம் ஆடணும் கண்ணு,” என்றார் அக்கா. அவருக்கு 47 வயது. நான் ஊர்த் திருவிழா ராட்டினம் என்று நினைத்தேன். அவர் கேட்டது பிடதியில் இருக்கும் வொண்டர்லாவை. மகள் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போய்வந்து சொன்ன கதையை அவர் மூன்று வருஷமாக மனசில் வைத்திருந்திருக்கிறார். மாட்டைக் கறக்க அக்கா வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். சென்டர் முதலாளி, “ரெண்டு பேருமா?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, சரி என்றார்.

திட்டம் போட்டது அக்காதான். முதலில் ராமநகரம் கூடு அங்காடி, அப்புறம் வொண்டர்லா, ராத்திரி ஸ்ரீராமபுரத்தில் அவர் சித்தி வீடு, மறுநாள் பூ மார்க்கெட்டும் லால்பாக்கும், சாயங்காலம் ஊர். அங்காடியை ஏன் முதலில் வைத்தார் என்பதைப் பட்டு விவசாயிகள் கவனிக்க வேண்டும். நாலு ஊர்க் கூடு குவியும் இடத்தில் பெப்ரைன் போன்ற நோய்க் கிருமியும் இருக்கும், ஊசி ஈயும் இருக்கும். அங்கே போய்வந்த துணியோடு புழு அறைக்குள் நுழையக் கூடாது. திரும்பும் வழியில் அங்காடிக்குப் போனால் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவோம். முதலிலேயே போய்விட்டால் அந்தத் துணியைத் தனிப் பையில் கட்டி, இரண்டு தடவை குளித்து, இரண்டு நாள் கழித்துத்தான் ஊர் திரும்புவோம். ஊர் சுற்றக் கிளம்பும்போதும் அவர் புத்தி புழு மேலேயே இருக்கிறது என்று சிரித்தேன். “பதினாலு வருஷம் வேற எதுமேல இருந்துச்சு?” என்றார்.

மஞ்சளும் வெள்ளையுமாகக் கூடு

விடியுமுன் பஸ் பிடித்து, பெங்களூருவில் மாறி, மைசூரு சாலையில் ராமநகரம் போய் இறங்கியபோது காலை ஒன்பதரை. பெங்களூருவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ‘ஷோலே’ படம் எடுத்த பாறை மலைகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. 2025-ல் மாவட்டத்தின் பெயரைப் பெங்களூரு தெற்கு என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் பட்டுக்காரர்களுக்கு அது என்றைக்கும் ராமநகரம்தான். ஆசியாவின் மிகப் பெரிய பட்டுக்கூடு அங்காடி என்று பெயர் வாங்கிய இடம். எங்கள் பக்கத்துக் கூடு பெரும்பாலும் ஓசூர், தர்மபுரி அங்காடிகளுக்குப் போகும் என்றாலும், விலை நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டால் வண்டி கட்டிக்கொண்டு இங்கே வருகிறவர்களும் உண்டு.

உள்ளே வரிசை வரிசையாகக் கூடு. நம் பக்கம் இப்போது வெண்பட்டுதான் அதிகம். இங்கே வெள்ளைக்குப் பக்கத்திலேயே மஞ்சள் கூடும் குவியல் குவியலாகக் கிடந்தது. நூற்பாளர்கள் ஒரு கூட்டை எடுத்து விரலால் அமுக்குகிறார்கள், காதருகே ஆட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே கூட்டுப்புழு முற்றியிருந்தால் கடகடவென்று தனிச் சத்தம் வரும். மற்றொரு கையில் செல்போன். ஏலம் அதில்தான். விலை சொல்லிக் கூவும் சத்தத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு, அத்தனை கூட்டத்திலும் ஏலம் சத்தமில்லாமல் நடப்பது ஆச்சரியமாக இருந்தது.

அக்கா ஒரு வெள்ளைக் குவியலுக்கு முன்னால் நின்றுவிட்டார். எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். இரட்டைக் கூடு இரண்டைப் பொறுக்கி ஓரமாக வைத்தார், யாருடைய மாலோ அது! குவியலுக்குச் சொந்தக்காரர், ஒரு பெரியவர், கன்னடத்தில் எந்த ஊர் என்று விசாரித்தார். அக்காவுக்குக் கன்னடம் நன்றாக வரும், எல்லையோரத்துப் பிறந்த வீடு. சாக்கி சென்டரில் வேலை என்றதும் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். சாக்கி சரியாக இருந்தால்தான் தட்டில் புழு ஒரே மாதிரி எழும், ஒரே நாளில் கூடு கட்டும், அங்கே தவறினால் பின்னால் எந்த மருந்தாலும் பிடிக்க முடியாது என்று அவர் சொல்லச் சொல்ல, அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். 14 வருஷத்தில் அவர் கை வழியாக எத்தனை லட்சம் புழு போயிருக்கும்! கூட்டை இப்படி மலையாகப் பார்ப்பது அவருக்கு இது இரண்டாவது தடவையாம்.

பட்டுக்காரிக்கு நைலான்

ராமநகரத்திலிருந்து பெங்களூரு நோக்கித் திரும்பி வந்தால் பிடதி. இங்கே இறங்குகிறவர்கள் தட்டு இட்லி சாப்பிடாமல் போகக் கூடாது. சாப்பாட்டுத் தட்டின் உள்வட்டம் அளவுக்கு அகலம், மேலே வெண்ணெய். இரண்டு சாப்பிட்டால் மதியச் சாப்பாடு தேவையில்லை. இது உபசாரத்துக்குச் சொல்வதல்ல, எங்களுக்குத் தேவைப்படவில்லை.

வொண்டர்லா சுமார் 82 ஏக்கர். 2005-ல் திறந்தது. இதை நடத்துகிறவர்களை நம்மில் பலருக்கு வேறு விதமாகத் தெரியும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் மோட்டாரைக் காப்பாற்ற ஸ்டெபிலைசர் வைக்கிறோமே, அந்த வி-கார்டு கம்பெனியைத் தொடங்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பள்ளிதான் 2000-ல் கொச்சியில் முதல் பூங்காவைத் திறந்தவர். இரண்டாவது இது. எங்கள் புழு அறையிலும் ஒரு வி-கார்டு பெட்டி இருக்கிறது. வாசலில் இதைச் சொன்னதும் அக்கா, “அப்ப நம்ம காசும் கொஞ்சம் இங்க இருக்குது, வா,” என்று உள்ளே நடந்தார்.

வாரநாள் என்பதால் கூட்டம் குறைவு. ஆனால் தண்ணீர் விளையாட்டுப் பக்கம் போனதும் ஒரு சிக்கல். சேலையோடும் பருத்திச் சுடிதாரோடும் குளத்தில் இறங்க விட மாட்டார்கள். நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கைத் துணிதான் போட வேண்டும். தண்ணீரில் பருத்தி ஊறிக் கனக்கும், சேலை காலைச் சுற்றும். வடிகட்டியில் நூல் போய் அடைக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். காரணம் நியாயம்தான். அங்கேயே கடை இருக்கிறது. முழுக்கையும் முழுக்காலும் உள்ள ஒரு நீல உடுப்பை வாங்கி மாட்டிக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “பட்டுப்புழுவுக்குச் சோறு போட்டு வளக்குறவளுக்கு நைலான் சட்டை. நம்ம முதலாளி பாத்தா நெஞ்சு வெடிச்சிரும்,” என்றார். அங்கே ஆரம்பித்த சிரிப்பு சாயங்காலம்வரை நிற்கவில்லை.

அலைக் குளத்தில் ஒரு மணி நேரம் இருந்தோம். அலை கொஞ்ச நேரம் வரும், ஓயும், மறுபடி வரும். அக்காவுக்கு விளையாட்டைவிட விசாரணை முக்கியம். மோட்டார் எங்கே, எத்தனை எச்.பி., தண்ணீர் எப்படித் தள்ளுகிறது? இதுபோன்ற குளங்களில் பெரும்பாலும் பின்சுவருக்கு அப்பால் மூடிய அறைகள் இருக்கும். பெரிய விசிறிகள் அந்த அறைகளுக்குள் காற்றை விட்டுவிட்டு அழுத்தும். காற்று தண்ணீரை அமுக்க, தண்ணீர் வெளிப்பக்கம் அலையாக எழும். தண்ணீர் வெளியே போவதில்லை, வடிகட்டி மறுபடி மறுபடி அதையே சுற்றவிடுகிறார்கள். சொட்டுநீர்க் குழாயில் வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவாதவர்கள் நம் பக்கம் எத்தனை பேர் என்று அக்கா அங்கே நின்று கணக்கெடுத்தார். குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு பெண்கள் வடிகட்டி பற்றிப் பேசியதை யாராவது கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ!

அப்புறம் ரீகாயில். இது ரோலர் கோஸ்டர். ரயில் பெட்டி மாதிரி இருக்கைகளைப் பின்பக்கமாக ஒரு மேட்டின் உச்சிக்கு இழுத்துப் போய்க் கையை விட்டுவிடுவார்கள். அது கீழே பாய்ந்து, தலைகீழாகச் சுருண்டு, எதிர் மேட்டில் ஏறும். வேகம் செத்ததும் அதே பாதையில் பின்பக்கமாகத் திரும்பி வரும். ஓடும்போது எஞ்சின் இல்லை. மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிய தண்ணீர் குழாயில் இறங்குகிற அதே சங்கதிதான். இதை நான் வரிசையில் நிற்கும்போது அக்காவுக்கு விளக்கினேன். விளக்கியதில் எனக்குத்தான் பயம் வந்தது. நான் கீழேயே நின்றுகொண்டேன். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், முதுகுத்தண்டு வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவர் ஏறினார்.

அக்கா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. புழு தோலுரிக்கும் நேரத்தில் தட்டை அசைக்கக் கூடாது, இலை போடக் கூடாது. அந்த நேரத்தில் அறைக்குள் போனால் நாங்கள் பேச்சையும் தணித்துக்கொள்வோம். பேச்சுக்கும் புழுவுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால் கிடையாது, பழக்கம்தான். 14 வருஷம் அப்படிப் பழகி, வீட்டிலும் அவர் மெதுவாகத்தான் பேசுவார். மேட்டின் உச்சியில் பெட்டி ஒரு நொடி நின்றது. விட்டார்கள். அந்த முப்பது பேர் கூச்சலில் எது அக்காவின் குரல் என்று எனக்குத் தெளிவாகக் கேட்டது. பயந்த சத்தம் இல்லை அது. மலை மேல் ஆடு மேய்க்கிறவர்கள் எதிர் மலைக்காரரைக் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி நீளமான ஓர் அழைப்பு. இறங்கி வந்தவருக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். “இன்னொரு தடவை,” என்றார். மொத்தம் மூன்று தடவை ஏறினார். மூன்றாவது தடவை நானும் ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டதால் எழுத ஒன்றும் இல்லை.

மாலையில் மழை நடனம். மேலிருந்து மழை மாதிரி தண்ணீர் கொட்ட, கீழே பாட்டுக்கு ஆடலாம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நவம்பர் மாதப் பிடதிக் குளிருக்கு அது பெரிய உபகாரம். கல்லூரிப் பிள்ளைகள் நடுவில் அக்கா நீல நைலானில் ஆடினார். வீட்டுக்காரரிடமிருந்து அதற்குள் மூன்று அழைப்பு வந்திருந்தது. மாடு உதைக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை

பிடதியிலிருந்து பஸ்ஸில் வந்து மெட்ரோ ஊதா வழித்தடத்தைப் பிடித்தோம். மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் ஸ்ரீராமபுரம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. சித்தி வீட்டில் ஒரு அறை, ஒரு சமையலறை, வாசலில் ஒரு குடம். குடத்தில் இருந்தது காவிரித் தண்ணீர். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, நாலைந்து நூறு மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். கீழே ஒகேனக்கலில் எடுத்து எங்கள் கிருஷ்ணகிரி வீடுகளுக்கு வருவதும் அதே ஆறுதான். ருசியில் வித்தியாசம் தெரியவில்லை.

சித்தி 20 வருஷமாகக் கார்மென்ட்ஸில் இருக்கிறார். சாப்பாடு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தார். அவர் பழைய கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். அக்கா வந்தால் சேர்த்துவிடலாம், மகளும் இங்கேயே காலேஜ் படிக்கலாம். நான் சம்பளத்தை மனசுக்குள் ஒப்பிட்டேன். வீட்டு வாடகையைக் கழித்தால் எங்கள் சென்டரில் கிடைப்பதைவிடப் பெரிதாக மிஞ்சாது. இதை அக்காவும் கணக்குப் போட்டிருப்பார், அவர் கணக்கில் கெட்டிக்காரர். ஆனால் சித்தி கடைசியாகச் சொன்னதுதான் அவரைத் தொட்டது. “வேலை கஷ்டந்தான், நான் பொய் சொல்லலை. நின்னு நின்னு கால் வீங்கும். ஆனா ஞாயித்துக்கிழமை என்னோடது. யாரும் கேக்க முடியாது.”

அக்கா பதில் சொல்லவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

விவசாய வேலைக்கு ஆள் வரவில்லை என்று நம் ஊர்களில் பேசாத நாள் இல்லை. கூலி உயர்ந்துவிட்டது, நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், இளைஞர்களுக்கு மண் பிடிக்கவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். என் கண்ணெதிரே ஒருவரை நகரம் இழுத்த கயிறு கூலி இல்லை. வாரத்தில் ஒரு நாள். நிரந்தர ஆள் வைத்திருக்கும் பண்ணைக்காரர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தால் நல்லது என்று நினைக்கிறேன். புழுவுக்கும் மாட்டுக்கும் லீவு விட முடியாது, உண்மை. ஆனால் மூன்றாவது ஒரு ஆளைப் பழக்கிவைத்தால் இருக்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு வாரம் ஒரு நாள் விடலாமே!

மல்லிகை, சேலை, சௌசௌ

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கே.ஆர். மார்க்கெட். மெட்ரோ நிலையத்திலிருந்து ஏறி வந்தால் பூ வாசம்தான் வழிகாட்டி. 1928-ல் கட்டிய சந்தை, மைசூர் மன்னர் கிருஷ்ணராஜேந்திர உடையார் பெயர் வைத்தது. சாமந்தியும் செண்டுமல்லியும் மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். ஓசூர், ராயக்கோட்டைப் பக்கமிருந்து வந்த பூவும் அதில் இருந்தது. தமிழிலேயே பேரம் நடந்தது.

புழு அறையில் வேலை செய்பவர்கள் வாசனை விஷயத்தில் எச்சரிக்கையாக இருப்போம். பவுடர், சென்ட், ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் கிட்டே வரக் கூடாது. புகையிலை போடுகிற ஆளை உள்ளேயே விட மாட்டோம். அக்கா பூ வைத்து நான் பார்த்தது கல்யாண வீடுகளில்தான். அன்று நாலு முழம் மல்லிகை வாங்கி இரண்டு முழம் எனக்குத் தந்து, இரண்டை அவர் வைத்துக்கொண்டார். விலை கேட்டபின் தன் தம்பிக்குப் போன் போட்டு, அவர் வயல் சாமந்தி உள்ளூரில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தார். வித்தியாசத்தை இங்கே எழுதினால் தம்பி கோபித்துக்கொள்வார்.

ஒரு நிறுத்தம் தள்ளினால் சிக்பேட்டை, பட்டுச் சேலைக் கடைகளின் தெரு. வாங்கப் போகவில்லை, பார்க்கத்தான். கடைக்காரர் முகம் சுளிக்காமல் விரித்துப் போட்டார். அக்கா முந்தானையை விரலிடுக்கில் வைத்து உருட்டினார். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு 6, 7 கிலோ வெண்பட்டுக் கூடு வேண்டும். அரைக் கிலோ பட்டு உள்ள சேலை என்றால் மூன்று கிலோவுக்கு மேல் கூடு, ஏறத்தாழ 2,000 புழு. “அஞ்சு முட்டைத் தொகுதி கண்ணு. அஞ்சே அஞ்சு,” என்றார் அக்கா. ஒரு பேட்ச்சில் நாங்கள் ஆயிரக்கணக்கில் தொகுதி பொரிக்கிறோம். கடைக்காரருக்கு நாங்கள் என்ன பேசுகிறோம் என்று புரியவில்லை. நாங்கள் யார் என்று சொன்னதும் டீ வரவழைத்தார்.

லால்பாக்கைப் பற்றி விவசாயிகளுக்கு நிறையச் சொல்லலாம். ஹைதர் அலி 1760-ல் தொடங்கியது, மகன் திப்பு சுல்தான் வளர்த்தது. மைசூர்ச் சீமையில் பட்டுப்புழு வளர்ப்பை ஊன்றியவரும் திப்புதான் என்பதால் அக்கா அந்தப் பெயரைக் கேட்டதும் செருப்பைக் கழற்றாத குறை. இன்று தோட்டம் 240 ஏக்கர். 1889-ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையில்தான் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும். நாங்கள் போனது இரண்டுக்கும் நடுவில், அதனால் மாளிகை காலி. புறாக்களும் நாங்களும்.

எனக்குப் பிடித்த கதை ஜான் கேமரூனுடையது. 1874 முதல் முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தோட்டத்தைக் கவனித்தவர். வெளிநாட்டுப் பயிர்களைக் கொண்டுவந்து இங்கே நட்டுப் பார்த்து, சுற்றுவட்டார விவசாயிகளுக்குப் பரப்பினார். சௌசௌவை நாம் பெங்களூர் கத்தரிக்காய் என்று சொல்கிறோமே, அந்தப் பெயருக்குக் காரணம் அவர்தான். மெக்சிகோ பக்கத்துக் கொடி, இந்தத் தோட்டம் வழியாக நம் சாம்பாருக்கு வந்திருக்கிறது. பூ பார்க்க வருகிற தோட்டம் என்று பலரும் நினைக்கிற இந்த இடம் அந்தக் காலத்தில் ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணை.

கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறை சுமார் 300 கோடி ஆண்டு பழையது, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியச் சின்னமாக அறிவித்தது. அக்கா அதன் மேல் உட்கார்ந்து, “நம்மூருப் பாறைதான்,” என்று சொல்லிவிட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். தெற்கே கொஞ்ச தூரத்தில் டாட்டா சில்க் ஃபார்ம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானிய நிபுணர்களை வரவழைத்துப் பட்டுப் பண்ணை நடத்திய இடம். இன்று வீடுகளும் கடைகளும்தான். பெயர் மட்டும் மிச்சம்.

திரும்பும்போது ஆர்.வி. சாலையில் மஞ்சள் வழித்தடத்துக்கு மாறினோம். 2025 ஆகஸ்டில் திறந்த இந்தப் பாதை பொம்மசந்திரா வரை போகிறது. அங்கே இறங்கினால் ஓசூர் பஸ் கிடைக்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கு இது பெரிய வசதி. நடுவில் ஒரு நிலையத்தின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். சென்ட்ரல் சில்க் போர்டு. 1949 முதல் செயல்படும் மத்தியப் பட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் இங்கேதான். எங்கள் சென்டரில் மாட்டியிருக்கும் பரிந்துரை அட்டைகள் எல்லாம் அந்த வாரியத்துடையவை. பெங்களூருக்காரர்களுக்கோ சில்க் போர்டு என்றால் போக்குவரத்து நெரிசல், வேறு அர்த்தமே கிடையாது. பக்கத்தில் இருந்த இளைஞர் யாரிடமோ போனில், “சில்க் போர்டுல மாட்டுனா இன்னிக்கு முடிஞ்சுது,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என் காதில், “நாமளும் சில்க் போர்டுலதான் மாட்டியிருக்கோம், பதினாலு வருஷமா,” என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அந்த இளைஞர் திரும்பிப் பார்த்தார்.

வாசகர்கள் யாராவது போவதாக இருந்தால்: வொண்டர்லாவுக்கு வாரநாளே நல்லது, சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள், நைலான் அல்லது பாலியெஸ்டர் உடுப்பை ஊரிலிருந்தே கொண்டுபோனால் செலவு மிச்சம். கூடு அங்காடிக்குப் போட்ட துணியை வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள், செருப்பையும் விடாதீர்கள். வந்த அன்றே புழு மனைக்குள் போக வேண்டாம்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே நாங்கள் முதலாளியிடம் பேசினோம். அடுத்த மூன்று மாத பேட்ச் அட்டவணையில் ஒவ்வோர் இடைவெளியிலும் இரண்டு நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தந்திருக்கிறார். தோட்டத்தில் கவாத்துக்கு வரும் பெண்களில் ஒருவரை ஜனவரியிலிருந்து அறைக்குள்ளும் பழக்கப்போகிறோம். சித்தி இரண்டு தடவை போன் செய்துவிட்டார். பொங்கல் கழித்துச் சொல்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. புது முட்டை வந்துவிட்டது, கறுப்புத் தாளில் சுற்றி வைத்திருக்கிறோம். நாளை மறுநாள் காலை பொரியும்.